அடிபட்ட பிள்ளைக்கு ரத்தம் உறையுமா? ஒரே ஒரு நீல மூடி ட்யூபை எந்தச் சோதனைக்குச் செலவிடுவது

இரண்டு வயதுப் பிள்ளை, எடை 12 கிலோ. கிலோவுக்கு 75 மி.லி. என்று கணக்குப் போட்டால் உடம்பில் மொத்தமே 900 மி.லி. ரத்தம்தான். அதில் 250 மி.லி. போனால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அப்போதும் பிரஷர் இறங்காமல் நிற்கும். நாடி மட்டும் ஓடும், கால் விரல்கள் ஜில்லென்று இருக்கும். பிள்ளைகளின் பிரஷர் கடைசி வரை பிடித்து நின்று, பிறகு ஒரேயடியாக விழும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், கருங்கல், தக்கலை பக்கத்துச் சிறு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டிக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் பல வழியில் வருகிறார்கள். பைக் டேங்கில் உட்கார்ந்து வந்தவன், அயனி மரத்திலிருந்து விழுந்தவன், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் கை போனவள். நரம்பு கிடைப்பதே பாடு. கிடைத்த ரத்தத்தில் ஒரு நீல மூடி ட்யூப் நிறைந்தால் பெரிது. அதை 'பிடி ஐஎன்ஆர்' (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரம்) சோதனைக்கு அனுப்புவதா, ஃபைப்ரினோஜனுக்கா (ரத்தக்கட்டியை உருவாக்கும் புரதம்), டி-டைமருக்கா (கட்டி கரையும்போது வரும் துண்டு) என்பது டியூட்டி டாக்டரின் கேள்வி. அடுத்த வருடம் லேபுக்கு எந்த மிஷின் வாங்குவது என்பது நிர்வாகத்தின் கேள்வி. இரண்டையும் ஒன்றாகவே பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து அளவுகோல் போதும்.

1. எவ்வளவு ரத்தம் வேண்டும்?
2. ஊசி குத்திய நிமிடத்திலிருந்து எண் கைக்கு வர எவ்வளவு நேரம்?
3. காயத்தால் வரும் உறைதல் கோளாறை அது உண்மையிலேயே காட்டுமா?
4. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் டெக்னீஷியன் அதைத் தப்பில்லாமல் செய்ய முடியுமா?
5. எண் வந்த பிறகு கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஐந்தாவதற்குத்தான் கனம் அதிகம். நான்கு மாடி உயரத்துக்கு விலை கொடுத்து வாங்கிய மிஷின் "ஃபைப்ரினோஜன் குறைவு" என்று சொல்கிறது. பக்கத்தில் கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, ஃபைப்ரினோஜன் செறிந்த பை) இல்லை. அந்த எண்ணை வைத்து அந்தக் கட்டிடத்துக்குள் எதுவும் செய்ய முடியாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் எந்தச் சோதனைக்காகவும் ரத்தம் கொட்டும் பிள்ளையின் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. டிரனெக்ஸாமிக் ஆசிட் (உறைந்த கட்டி கரையாமல் தடுக்கும் மருந்து) அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதற்கு எந்த லேப் எண்ணும் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 15 மி.கி., உச்சம் 1 கிராம், 10 நிமிடத்தில். பிறகு மணிக்குக் கிலோவுக்கு 2 மி.கி. 2010இல் வந்த கிராஷ்-2 ஆய்வு இருபதாயிரம் பெரியவர்களிடம் நடந்தது. பிள்ளைகளுக்கான அளவு அங்கிருந்து எடுத்துத் தகவமைத்ததுதான்.

## பிடி ஐஎன்ஆர்

எல்லா ஊரிலும் இருப்பது இதுதான், அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான். காயப்பட்ட பிள்ளைகளில் 1.3க்கு மேல் போன ஐஎன்ஆர் உயிராபத்தோடு சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தலைக்காயத்தில் ரத்தம் அதிகம் போகாமலே இது ஏறலாம்.

எண்ணைக் கெடுப்பவை. நீல மூடி ட்யூபில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கிறது. ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. பெரியவர்களுக்கான 2.7 மி.லி. ட்யூபில் 0.3 மி.லி. சிட்ரேட். அதில் 1.5 மி.லி. ரத்தம் மட்டும் விழுந்தால் விகிதம் 9க்கு 1 அல்ல, 5க்கு 1. மிச்சமிருக்கும் சிட்ரேட் லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நல்ல ரத்தத்துக்கும் ஐஎன்ஆர் கூடுதலாக வரும். ஆகவே 1 மி.லி. பிள்ளை ட்யூப் (0.9 ரத்தம், 0.1 சிட்ரேட்) ஒரு பெட்டி கேஷுவாலிட்டி டிராலியிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் பூட்டி வைத்துப் பயனில்லை.

பட்டர்ஃபிளை ஊசியில் எடுக்கும்போது குழலில் இருக்கும் காற்று முதல் ட்யூபுக்குள் போய் அந்த அளவு ரத்தத்தைக் குறைக்கும். முதலில் ஒரு வெற்று ட்யூபைப் போட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு நீலத்தை மாட்ட வேண்டும். இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு: நீலத்தில் குறைகிறதே என்று ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புவது. ஊதாவில் இருப்பது இடிடிஏ, உறைதலைத் தடுக்கும் வேறொரு ரசாயனம். ஒரு சொட்டு கலந்தாலும் பிடி நீளும். டிரிப் ஓடும் கையிலேயே மேலே குத்தி எடுத்தால் சலைன் கலந்த ரத்தத்தைத்தான் அளக்கிறீர்கள். மெல்ல மெல்ல வழிந்த ரத்தத்தில் சிறு கட்டி விழுந்திருக்கும். சுழற்றுவதற்கு முன் மரக்குச்சியால் ஒருமுறை துழாவிப் பார்க்க வேண்டும்.

சென்ட்ரிஃபியூஜில் 1,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு விசை), 15 நிமிடம். மிஷினில் எழுதியிருப்பது சுற்று எண்ணிக்கை, ஜி அல்ல. சுழலும் ஆரம் 10 செ.மீ. என்றால் சுமார் 3,660 சுற்று வேண்டும், 15 செ.மீ. என்றால் 3,000 போதும். சாம்பிளை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் ஏழாம் காரணி என்ற உறைதல் புரதம் தூண்டப்பட்டு பிடி குறைந்து காட்டும்.

ஐஎஸ்ஐ. குக்கரில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை அல்ல இது. ரீஏஜென்ட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒவ்வொரு லாட்டுக்கும் அச்சிட்டிருக்கும் எண். நோயாளியின் பிடியை சாதாரணச் சராசரிப் பிடியால் வகுத்து, அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் ஐஎன்ஆர். பிடி 18 நொடி, சராசரி 13 நொடி என்று வைப்போம். ஐஎஸ்ஐ 1.0 என்றால் ஐஎன்ஆர் 1.38, 1.3 என்றால் 1.53. லாட் மாறியபோது மிஷினில் எண்ணை மாற்ற மறந்தால் ஒரே ரத்தத்துக்கு இரண்டு விடை. சராசரியும் அப்படியே. 16 நொடிப் பிடியை 12ஆல் வகுத்தால் 1.33, பிள்ளைக்குக் கோளாறு, 13.5ஆல் வகுத்தால் 1.19, பிள்ளை நலம். தாளில் போட்ட சராசரியை அப்படியே எடுக்காமல், நலமாக உள்ள இருபது பேரின் ரத்தத்தை உங்கள் மிஷினில் உங்கள் லாட்டில் ஓட்டி எடுத்த சராசரிதான் செல்லும்.

இது காட்டாதவை. சோதனை 37 டிகிரியில் நடக்கிறது; மழையில் நனைந்து 34 டிகிரியில் வந்த பிள்ளையின் குளிர்ந்த ரத்தம் அங்கே சூடாகிவிடும். கால்சியத்தையும் லேபே சேர்க்கிறது. அதனால் பிள்ளையின் உடம்பில் கால்சியம் விழுந்திருப்பதும் மறைந்துபோகும். பிளாஸ்மா மட்டும் சோதனைக்குப் போவதால் பிளேட்லெட் பற்றியும் உறைந்த கட்டி கரைவது பற்றியும் ஒரு சொல் வராது. ஐஎன்ஆர் நன்றாக இருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் வெப்பநிலையையும் கால்சியத்தையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று: ரத்தம் நின்றுவிட்ட பிள்ளையின் 1.4ஐ 1.1 ஆக்குவதற்காக எஃப்எஃப்பி (குளிரில் உறைய வைத்துச் சேமித்த பிளாஸ்மா) ஏற்றுவதில் பலன் இல்லை. அந்தச் சிறு ஏற்றத்தை எஃப்எஃப்பி பெரிதாகக் குறைக்காது, திரவம்தான் ஏறும்.

## பேஸ் டெஃபிசிட்: உறைதல் சோதனை அல்ல, ஆனாலும்

காயத்தோடு அதிர்ச்சியும் சேரும்போதுதான் ரத்தம் ஆரம்பத்திலேயே உறையும் குணத்தை இழக்கிறது. திசுக்களுக்கு ரத்தம் போகாதபோது புரோட்டீன் சி தூண்டப்பட்டு உறைதலை அடக்குகிறது. கட்டியைக் கரைக்கும் வேலையும் அவிழ்த்துவிடப்படுகிறது. ஆகவே ரத்த வாயுச் சோதனையில் பேஸ் டெஃபிசிட் (ரத்தத்தில் அமிலம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டும் எண்) 6க்கு மேல் இருந்தால், ஐஎன்ஆர் வருவதற்கு முன்பே கோளாறை எதிர்பார்க்கலாம். அரை மி.லி.க்கும் குறைவான ரத்தம், சில நிமிடம். அதே தாளில் லாக்டேட்டும் அயனிக் கால்சியமும் வரும். ரத்த வாயு மிஷின் இருந்தும் காயப்பட்ட பிள்ளைக்கு அதைப் போடாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

பிள்ளைகளுக்கென்று 'பிக்' என்று ஒரு மதிப்பெண் உண்டு: பேஸ் டெஃபிசிட் + (2.5 × ஐஎன்ஆர்) + (15 − ஜிசிஎஸ்). ஜிசிஎஸ் என்பது நினைவுத் தெளிவுக்கான மதிப்பெண்; முழுத் தெளிவு 15, அடிமட்டம் 3. பேஸ் டெஃபிசிட் 8, ஐஎன்ஆர் 1.6, ஜிசிஎஸ் 9 என்றால் 8 + 4 + 6 = 18. ஊமைக்காயத்தில் 16ஐ எட்டினால் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜிசிஎஸ் மயக்க மருந்து போடுவதற்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டபின் எழுதிய 3ஐ வைத்துக் கூட்டினால் பொய்க்கணக்கு.

## ஃபைப்ரினோஜன் (கிளவுஸ் முறை)

ரத்தம் பெருமளவு போகும்போது உறைதல் பொருள்களில் முதலில் ஆபத்தான எல்லைக்கு இறங்குவது ஃபைப்ரினோஜன். சாதாரண அளவு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மி.கி.; ரத்தம் ஓடும் பிள்ளைக்கு 150க்குக் கீழே போனால் ஈடுகட்ட வேண்டும். ஐஎன்ஆர் ஓரளவு நன்றாக இருக்கும்போதே இது 120க்கு வந்திருக்கலாம். இவ்வளவு பயனுள்ள சோதனையை மாவட்டத்தில் இவ்வளவு குறைவாகக் கேட்பது ஏன் என்றால், "அது பெரிய லேப் சமாசாரம்" என்ற எண்ணம்தான். பிடி ஓட்டும் அதே இரண்டு சானல் அரைத்தானியங்கி மிஷினிலேயே செய்யலாம், ரீஏஜென்ட்தான் வேறு.

பிளாஸ்மாவை பஃபரில் 1க்கு 10 ஆக நீர்க்க வைத்து, அதில் 200 மைக்ரோ லிட்டரை 37 டிகிரியில் சூடாக்கி, 100 மைக்ரோ லிட்டர் திராம்பின் ஊற்றிக் கட்டி விழும் நேரத்தைப் பார்ப்பது. நேரம் கூடினால் ஃபைப்ரினோஜன் குறைவு. அளவு மிகக் குறைந்து மிஷின் வரைகோட்டுக்கு வெளியே போனால் 1க்கு 5 ஆக நீர்க்க வைத்து மறுபடி ஓட்டி, விடையைப் பாதியாக்க வேண்டும். அதே நீல ட்யூபின் பிளாஸ்மாவே பிடி சோதனைக்கும் இதற்கும் போதும். தொடக்கத்தில் கேட்ட "இதுவா அதுவா" இங்கே பாதி தீர்ந்துவிடுகிறது.

ரிப்போர்ட்டில் 'டிரைவ்ட்' என்று போட்டிருந்தால் அது பிடி வரைகோட்டிலிருந்து மிஷின் ஊகித்த எண். குறைவான அளவுகளில் அது நிஜத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். அடிபட்ட பிள்ளைக்கு அதை நம்ப வேண்டாம்.

மறைந்த செலவு. திராம்பின் குப்பியைக் கரைத்தபின் அதற்கு ஆயுள் குறைவு. மாதத்தில் நான்கு சோதனைதான் என்றால் ஒவ்வொரு முறையும் மீதியைக் கொட்ட வேண்டிவரும். சிறிய குப்பி கேட்டு வாங்குங்கள். கல்லீரல் நோயாளிகளுக்கும் பிரசவ ரத்தப்போக்குக்கும் இதே சோதனையைப் போட ஆரம்பித்தால் குப்பி வீணாகாது.

எண் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கணக்கு. 15 கிலோ பிள்ளை, ஃபைப்ரினோஜன் 90. பிளாஸ்மா கிலோவுக்கு 45 மி.லி. என்றால் 675 மி.லி. ரத்தம் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எஃப்எஃப்பி கிலோவுக்கு 15 மி.லி., அதாவது 225 மி.லி. ஏற்றினால் சுமார் 450 மி.கி. ஃபைப்ரினோஜன் போகும். ஆனால் பிளாஸ்மாவும் 900 மி.லி. ஆகிவிடும். முடிவு 117 சுற்று. கிரையோ மூன்று பை, தலா 15 மி.லி., சராசரி 170 மி.கி. என்றால் வெறும் 45 மி.லி.யில் 155க்கு வந்துவிடும். எஃப்எஃப்பி மட்டும் வைத்துக்கொண்டு 150ஐத் தொட முயன்றால் பிள்ளையின் நுரையீரலில்தான் நீர் கோக்கும்.

## டெக், ரோட்டெம்

முழு ரத்தத்தையும் ஒரு கிண்ணத்தில் உறைய விட்டு, கட்டி எப்போது தொடங்கியது, எவ்வளவு இறுகியது, எப்போது கரைந்தது என்று படமாக வரையும் மிஷின்கள். ஒரு ஓட்டத்துக்கு 300 முதல் 360 மைக்ரோ லிட்டர் ரத்தம். சுழற்றத் தேவையில்லை. ரோட்டெமில் ஃபைப்ரினோஜனின் பங்கை மட்டும் பார்க்கும் ஃபிப்டெம் ஓட்டத்தில் ஐந்தாம் நிமிடக் கட்டி அகலம் 10 மி.மீ.க்குக் கீழே என்றால் ஃபைப்ரினோஜன் போதாது என்று பெரியவர்களில் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற எந்தச் சோதனையும் காட்டாத கட்டி கரைதலை இது மட்டுமே காட்டும்.

விற்பவர் "பத்தே நிமிடத்தில்" என்பார். கட்டியின் இறுக்கம் வரை அது சரி. கரைதலைச் சொல்லும் எல்ஒய்30 என்பது கட்டி முழுதாக இறுகிய பிறகு 30 நிமிடம் கழித்து வரும் எண். முழுப்படம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகலாம். எல்ஒய்30 மூன்று சதவீதத்துக்கு மேலே போனாலும் ஆபத்து, 0.8க்குக் கீழே கரைதலே நின்றுபோனாலும் ஆபத்து என்று காயப்பட்ட பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். 0.8க்குக் கீழே என்றால் அதற்கு இன்ன மருந்து என்று தெளிவான விடை இல்லை.

2021இல் வந்த இட்டாக்டிக் ஆய்வு 396 பெரியவர்களில் இந்த மிஷின் வழியையும் சாதாரணச் சோதனை வழியையும் ஒப்பிட்டது. 24 மணி நேரத்தில் உயிரோடும் பெருமளவு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை இல்லாமலும் இருந்தவர்கள் மிஷின் வழியில் 67 சதவீதம், சாதாரண வழியில் 64 சதவீதம். சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2016இல் 111 பேரில் நடந்த சிறிய ஆய்வு டெக் பக்கம் சாய்ந்தது. வாங்காததால் பிள்ளைகள் இறக்கிறார்கள் என்று யாரும் மிரட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். பழைய கிண்ண வகை மிஷின், மேஜை அதிர்ந்தாலே கோடு ஆடும். லிஃப்ட் பக்கத்திலோ சென்ட்ரிஃபியூஜ் மேஜையிலோ வைக்க முடியாது. தினமும் தரச் சோதனைக்கே ரீஏஜென்ட் செலவாகும், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும். காட்ரிட்ஜ் வகையில் அந்தத் தொல்லை குறைவு, ஒவ்வொரு காட்ரிட்ஜின் விலையும் கூடுதல். படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் மூன்று ஷிஃப்டிலும் வேண்டும்.

## கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

விரியன் கடிக்குச் செய்து பழகிய கை நம் மாவட்டத்து நர்ஸ்களுடையது. 2 மி.லி. ரத்தம், சோப்புப் படாத காய்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துக் கவிழ்த்துப் பார்ப்பது. ஆகவே அடிபட்ட பிள்ளைக்கும் இதையே செய்யலாமே என்று தோன்றும்.

விரியன் விஷம் ஃபைப்ரினோஜனை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிடும். அதனால் கடியில் இந்தச் சோதனை கைகொடுக்கிறது. காயத்தில் 110, 130 என்று குறையும். அந்த அளவில் குழாயில் கட்டி அழகாக உறைந்து நிற்கும். உறையாவிட்டால் கோளாறு நிச்சயம், உறைந்தால் ஒன்றும் நிச்சயமில்லை. 12 கிலோ பிள்ளையின் 2 மி.லி.யை இதற்குக் கொடுப்பதைவிட நீல ட்யூபில் போடுவது மேல். லேபே இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

## விரல்நுனி மீட்டர், டி-டைமர், மற்றவை

வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கான விரல்நுனி ஐஎன்ஆர் மீட்டர் ஒரு சொட்டில், ஓரிரு நிமிடத்தில் விடை தரும். ஆனால் ஹெமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 25 சதவீதத்துக்குக் கீழே போனவர்களிடம் நம்ப முடியாது. ரத்தம் கொட்டிய பிள்ளை அங்கேதான் இருக்கும்.

டி-டைமர் எலும்பு முறிந்தாலே ஏறும். எண் வந்து சிகிச்சை மாறப்போவதில்லை. சில கிட்டுகள் எஃப்இயு அலகிலும் சில டிடியு அலகிலும் தருகின்றன; முதலாவது இரண்டாவதைப்போல் சுமார் இரு மடங்கு. முதல் மணி நேரத்தில் இதைக் கேட்க வேண்டாம்.

ஏபிடிடி (உறையும் நேரத்தை அளக்கும் இன்னொரு சோதனை) ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளில் இயல்பாகவே நீளும்; பெரியவர் அளவுகோலை வைத்துப் பயப்பட வேண்டாம். சின்ன அடிக்குப் பெரிய ரத்தக்கட்டு என்றால் மட்டும் ஹீமோஃபீலியாவை நினைத்துக் கேளுங்கள். பிளேட்லெட் ஊதா ட்யூபில் எப்படியும் வந்துவிடும்: பொதுவாக 50,000, தலைக்காயத்தில் 1 லட்சம் எல்லை.

| சோதனை | ரத்தம் | விடை வரும் நேரம் | பலம் | பலவீனம் |
|---|---|---|---|---|
| ரத்த வாயு | அரை மி.லி.க்குள் | சில நிமிடம் | அதிர்ச்சி, கால்சியம் | உறைதலை நேரே காட்டாது |
| பிடி ஐஎன்ஆர் | 0.9 மி.லி. | லேப் உள்ளே என்றால் 30–45 நிமிடம் | எங்கும் உண்டு | சாம்பிள் பிழை, ஐஎஸ்ஐ பிழை |
| ஃபைப்ரினோஜன் | அதே ட்யூப் | கூடுதலாகச் சில நிமிடம் | முதலில் விழுவதைப் பிடிக்கும் | குப்பி வீணாகும் |
| டெக், ரோட்டெம் | ஓட்டத்துக்கு 0.3 மி.லி. சுற்று | 10–60 நிமிடம் | கரைதலும் தெரியும் | விலை, பயிற்சி |
| கண்ணாடிக் குழாய் | 2 மி.லி. | 20 நிமிடம் | மிஷின் வேண்டாம் | மிதமான குறைவு தெரியாது |
| விரல்நுனி மீட்டர் | ஒரு சொட்டு | ஓரிரு நிமிடம் | வேகம் | ரத்தச்சோகையில் பிசகும் |

## எந்த இடத்துக்கு எது

லேப் வெளியே, பிளட் பேங்க் இல்லை: நீல ட்யூபை எடுத்துப் பிள்ளையோடே அனுப்பிவிடுங்கள். விடைக்காகக் காத்திருக்க வேண்டாம். அறை வெப்பத்தில் பிடி 24 மணி நேரம் தாங்கும். ஏபிடிடிக்கு 4 மணி நேரம்தான்.

லேப் உள்ளே, கிரையோ வெளியே: பிடி, ரத்த வாயு, ஃபைப்ரினோஜன். பணம் இருந்தால் அடுத்ததாக வாங்க வேண்டியது ரத்த வாயு மிஷின்; டெக் அல்ல. நம் மேற்கு வட்டாரத்துப் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு இதுவே பொருந்தும்.

கிரையோவும் பிளேட்லெட்டும் ஒரே வளாகத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவு, வாரந்தோறும் பெருமளவு ரத்தம் ஏற்றும் அறுவை சிகிச்சைகள்: அங்கே டெக் அல்லது ரோட்டெம் தன் விலையைச் சம்பாதிக்கும். அடிபட்ட பிள்ளைகளுக்காக மட்டும் வாங்கினால் சம்பாதிக்காது. இதய அறுவையும் பிரசவமும் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

செலவை வீட்டார் கேட்பார்கள். சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்குள் அரசு பொறுப்பு. அயனி மரத்திலிருந்து விழுந்தவனுக்கு அது பொருந்தாது.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரெஃபர் செய்யும்போது கடிதத்தில் ஐஎன்ஆர் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ரத்தம் எடுத்த மணி, அதற்குள் எவ்வளவு சலைன் ஓடியிருந்தது, எந்தக் கையில் எடுத்தது, பிள்ளையின் எடை, அப்போதைய வெப்பநிலை, டிரனெக்ஸாமிக் போட்ட நேரம், மயக்க மருந்துக்கு முந்தைய ஜிசிஎஸ். ஃபைப்ரினோஜன் 150க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே போன் செய்து எண்ணையும் எடையையும் சொல்லிவிடுங்கள். உருக்கிய கிரையோ 6 மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்பதால் எண் தெரியாமல் யாரும் உருக்கி வைக்க மாட்டார்கள். எண் தெரிந்தால் உருக்க கால் மணி நேரம் போதும். மார்த்தாண்டத்திலிருந்து வண்டி போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.